கண்மை: வீட்டுக்கா, விற்பனைக்கா?

விளக்கெண்ணெய், வெள்ளைப் பருத்தித் துணி, கரிசலாங்கண்ணி ஆகிய மூன்றும் செஞ்சி வட்டாரத்து அங்கத்தினர் பலருடைய இல்லங்களில் பெரும் செலவின்றிக் கிடைப்பன. நிலக்கடலைக் கொல்லையின் ஓரங்களில் ஆமணக்கு நிற்கிறது. தறியடியில் துண்டுத் துணி கிடக்கிறது. மழைக்காலம் ஓய்ந்ததும் ஏரிக்கரையிலும் வாய்க்கால் வரப்பிலும் கரிசலை தானாகவே தழைக்கிறது. இம்மூன்றையும் கொண்டு கண்ணுக்கு மை கூட்டுவது நம் தாய்மார்கள் வழிவழியாக அறிந்த கைப்பணி. அக்கைப்பணியை வருவாய்த் தொழிலாக்கலாம் என்னும் எண்ணம் இப்போது சங்கக் கூட்டங்களில் எழுந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. அதனைக் காண வருவோர்க்கு ராஜகிரி அடிவாரத்தில் ‘செஞ்சிக் கண்மை’ என்று சிமிழில் அடைத்து விற்கலாமே என மகளிர் அங்கத்தினர் சிலர் நம்மைக் கேட்டனர். சங்கத்தின் பெயரைச் சிமிழின் மேல் பொறித்துக்கொள்ளலாமா என்பதும் அவர்கள் கேள்வி.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் இதற்கு விடை கூறுதல் முறையன்று. வீட்டுக்குச் செய்யும் மையும் விற்பனைக்குச் செய்யும் மையும் ஒரே விளக்கில் பிறந்தாலும் ஒரே சரக்கல்ல என்பது நம் கருத்து.

முதலில் மை என்னும் சொல்லையே சற்று நோக்க வேண்டும். கண்ணுக்கு மை ‘இடுதல்’ என்று இன்று சொல்கிறோம். பழந்தமிழில் ‘எழுதுதல்’ என்றே வழங்கினர். திருக்குறளின் 1285-ஆம் குறளில் மை எழுதும் கோல் உவமையாக வருகிறது. எழுதும்போது கண் தன்னருகே வரும் கோலைக் காணாதது போல, கணவனை நேரிற் கண்டதும் அவன் குற்றம் தனக்குத் தெரிவதில்லை என்கிறாள் தலைவி. அந்நாளிலேயே அத்துணை வழக்கமான பொருள் இது. ஆயின் மை என்னும் இந்த ஒரே பெயருக்குள் முற்றிலும் வேறான இரு பொருள்கள் மறைந்திருக்கின்றன. ஒன்று விளக்குப் புகையைத் தட்டில் ஏந்தி எடுக்கும் கரி மை. மற்றொன்று கல்லைப் பொடித்துச் செய்யும் அஞ்சனம். வடநாட்டில் சுர்மா என்பர். இரண்டும் கறுப்பு, இரண்டும் கண்ணுக்கு. ஆனால் முன்னது கரி. பின்னது பல இடங்களில் காரீயக் கல்.

ஈயம் என்று பொதுவாகச் சொன்னால் குழப்பம் நேரும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். இங்கே நாம் சொல்வது நஞ்சாகிய காரீயம். காரீயமும் கந்தகமும் சேர்ந்த கறுப்புக் கனிமத்தைப் பட்டுப்போல் அரைத்துக் கண்ணில் தீட்டும் வழக்கம் உலகின் பல நாடுகளிலும் இருந்தது. எகிப்து நாட்டார் 4,000 ஆண்டுகட்கு முன்னரே இதனைச் செய்தனர். அவர்தம் கல்லறைகளிற் கிடைத்த சிமிழ்களில் எஞ்சியிருந்த மையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர்கள் அதிற் காரீயச் சேர்மங்களே மிகுதி என்று கண்டனர். அச்சேர்மங்கள் மிக மிகச் சிறு அளவில் உடலின் நோய்த்தடுப்பைத் தூண்டக்கூடும் என்று 2010-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையும் வெளிவந்தது. இதனைப் பிடித்துக்கொண்டு, ‘கல் மை கண்ணுக்கு நல்லது, அறிவியலே ஒப்புகிறது’ என வாதிடுவோர் உளர். ஆய்வுக்கூடத்தில் அளந்து வைத்த துளியின் பயன் வேறு. நாள்தோறும் குழந்தையின் இமையில் அப்பிய பொடியின் பயன் வேறு. குழந்தை கண்ணைக் கசக்கும். அந்தக் கையை வாயில் வைக்கும். காரீயம் அவ்வழியே உட்சென்று எலும்பில் தங்கும், இரத்தத்தைச் சோகையாக்கும், மூளையின் வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இரத்தத்தில் இவ்வளவு வரை இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு காரீயத்துக்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் பெட்ரோலிலிருந்தே அதனை நீக்கினோம். வண்டிக்கு ஆகாதென்று விலக்கிய பொருளை மகளின் கண்ணுக்கு ஏற்கலாமா? கண்மையில் காரீயச் சேர்மம் சேர்ப்பதை நம் நாட்டுச் சட்டமும் தடுத்திருக்கிறது. அமெரிக்க நாட்டிலோ சுர்மா முதலிய கண்மைகளுக்கு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் இசைவே தருவதில்லை.

ஆதலின் திருவிழாக் கடைகளில் பெயரும் ஊரும் இன்றிப் பொட்டலமாக விற்கப்படும் கறுப்புப் பொடியைக் கண்ணுக்கு வாங்காதிருத்தல் வேண்டும். கல் மை கனமும் மினுமினுப்பும் உடையது. புகைக்கரி ஊதினாற் பறக்கும். இது ஒரு குறிப்பே தவிரச் சோதனை ஆகாது. எண்ணெயிற் குழைத்தபின் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். காரீயம் உண்டா இல்லையா என்பதை ஆய்வுக்கூடம் ஒன்றே சொல்ல இயலும்.

வீட்டு மையின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. என்ன சேர்ந்தது என்பது செய்தவளுக்கே தெரியும். அச்சிறப்பு கெடாதிருக்க வேண்டுமாயின் செய்முறையில் சில கண்டிப்புகள் தேவை. மரபு முறையைப் பெரும்பாலோர் அறிவர். கரிசலைச் சாற்றில் துணியை நனைத்து நிழலில் உலர்த்தி, மீண்டும் மீண்டும் நனைத்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெய் வார்த்த அகலில் ஏற்றி, இருபுறமும் செங்கல் அடுக்கி அதன்மேல் தட்டைக் கவிழ்த்துவிடுவர். சுடரின் நுனி தட்டைத் தொட்டும் தொடாமலும் இருத்தல் வேண்டும். காற்று தாராளமாகக் கிடைத்தால் எண்ணெய் முழுதும் எரிந்து ஒளியாகிவிடும். காற்று குறையும்போது எரிந்து தீராத கரியே புகையாகித் தட்டில் படியும். விளக்கெண்ணெய் பிசுக்குள்ள எண்ணெய், மெல்ல எரிவது. மை கூட்டுவதற்கு முன்னோர் இதனையே தேர்ந்ததில் பொருள் உண்டு.

துணியைப் பற்றி நெசவாளர் அங்கத்தினர்க்குத் தனியே சொல்ல வேண்டும். தறியில் அறுத்த துண்டு எதுவும் திரிக்கு ஆகும் என்று எண்ணலாகாது. பாவுக்குக் கஞ்சி போட்டிருப்போம்; சாயம் ஏற்றியிருப்போம். கஞ்சியும் சாயமும் எரிந்து புகையோடு மையிற் சேரும். சாயமேறாத பருத்தித் துணியை வெந்நீரில் ஊறவைத்துப் பலமுறை அலசிக் கஞ்சி போன பின்னரே பயன்படுத்தல் வேண்டும். கலப்பு நூலோ என ஐயமுண்டாயின் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிவது போல மணந்து மென்சாம்பலாகும். பட்டு மயிர் தீய்வது போல நாறும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகத் திரளும். அத்தகைய துணியின் புகை கண்ணருகே வரவே கூடாது. ஆரணியிலும் சிறுவந்தாட்டிலும் பட்டு நெய்யும் குடும்பத்தார்க்கு இவ்வேற்றுமையை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்கள் மூக்கே அறியும்.

பயிரிடுவோர்க்கும் ஒரு சொல். கடலைக் கொல்லையின் ஓரத்தில் ஆமணக்கு நடுவது எண்ணெய்க்காக மட்டுமன்று. கடலை இலையைத் தின்னும் புழுவின் தாய்ப்பூச்சி ஆமணக்கு இலையில் முட்டையிட விரும்பும். அவ்விலைகளைக் கிள்ளி அழித்தால் கடலை தப்பும். ஆகவே அது பொறிப்பயிர். ஆனால் மருந்தடித்த கொல்லையின் வரப்பில் முளைத்த கரிசலையைச் சாற்றுக்குப் பறித்தலாகாது. ஆமணக்கு விதையில் கொடிய நஞ்சு உண்டு என்பதையும் மறத்தலாகாது. முறையாக எடுத்த எண்ணெயில் அது சேராது, பிண்ணாக்கிலேயே தங்கும். அதனால்தான் அப்பிண்ணாக்கு எருவுக்குப் போகிறது, மாட்டுத் தொட்டிக்குப் போவதில்லை. விதை உலர்த்தும் களத்தில் சிறு பிள்ளைகளை விளையாட விடுதல் கூடாது.

தட்டு எவர்சில்வராகவோ புதிய மண்சட்டியாகவோ இருக்கட்டும். பழைய பாத்திரத்தின் பூச்சில் வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்திருக்கக்கூடும். ஆதலின் ஈயம் பூசிய பித்தளைத் தட்டு வேண்டாம். படிந்த கரியை உலர்ந்த கரண்டியால் வழித்து, மெல்லிய மல் துணியிற் சலித்து, கொதிநீரில் கழுவி நன்கு உலர்த்திய சிமிழில் சில துளி விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் போதும். நெய் சேர்ப்பாரும் உண்டு. நெய் விரைவில் சிக்கு நாறும். தண்ணீர் ஒரு சொட்டும் படலாகாது. கற்பூரம் சேர்த்தால் குளிர்ச்சி என்பர். அது கண்ணை எரிப்பது, குழந்தை வாயிற் பட்டால் நஞ்சாவது. ஓர் இரவு முழுதும் எரித்தாலும் தேறுவது சிறிதளவே என்று பெண்கள் கூறுவர். அதற்காக விளக்கை ஏற்றிவைத்து உறங்கப் போவதை நாம் ஒப்ப மாட்டோம். தறிக்கூடத்தில் பாவும் பஞ்சும், வீட்டோரத்தில் வைக்கோற் போரும் இருக்கும் நம் ஊர்களில், கவிழ்த்த தட்டின் கீழ் தனித்தெரியும் சுடர் பெருந்தீக்கு வித்து. மாலையில் ஏற்றி, விழித்திருக்கும் நேரத்திலேயே அணைத்துவிட வேண்டும்.

கரிசலையால் கண் குளிரும், பார்வை கூர்மை பெறும் என்னும் நம்பிக்கையைப் பற்றி நம் கருத்தைக் கேட்டால் ஒளிக்காமல் கூறுவோம். திரி எரிந்தபின் மூலிகையும் பெரும்பாலும் எரிந்துபோகிறது. தட்டிற் படிவது கரியே. பாட்டிமார் சொன்ன முறையைக் கைவிட வேண்டுவதில்லை. அம்முறையின் மணமும் பழக்கமும் நமக்கு வேண்டியவை. ஆனால் அதன் பெயரால் மருந்துக் குணம் பேசுதல் ஆகாது. புகைக்கரியும் முற்றிலும் தீங்கற்றதன்று. எந்தக் கரியிலும் எரிந்து தீராத வேண்டாப் பொருள்கள் சிறிதேனும் இருக்கும். இமையின் வெளிவிளிம்பில் மெல்லிதாக எழுதி, இரவில் துடைத்துவிட்டுப் படுத்தல் நன்று. ஒருவர் கோலை மற்றொருவர் தொடலாகாது. ‘மெட்ராஸ் ஐ’ பரவும் நாட்களில் ஒரே சிமிழை வீட்டார் அனைவரும் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கைக்குழந்தையின் கண்ணுக்கு மை வேண்டவே வேண்டாம் என்பது கண் மருத்துவர்களின் அறிவுரை. கண்ணீர் வடியும் நுண்குழாய் அடைபடும். அழுக்கு விரலால் நோய் சேரும். மையிட்டால் கண் பெரிதாகும் என்பதும் மெய்யன்று. மாமியார் மனம் நோகுமே என்று அஞ்சும் இளந்தாய்மார் கன்னத்திலோ உள்ளங்காலிலோ திருஷ்டிப் பொட்டு வைக்கட்டும். வசம்பைச் சுட்டு வைக்கும் பொட்டே நம் பக்கத்து வழக்கந்தானே.

நிற்க. இனி விற்பனைக்கு வருவோம்.

‘நம் பாட்டிமார் எந்த லைசென்ஸ் பெற்று மை கூட்டினார்கள்?’ என்று ஓர் அம்மையார் கேட்டார். நியாயமான கேள்வியே. பாட்டி கூட்டிய மை பேத்தியின் கண்ணுக்குப் போயிற்று. தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது பேத்திக்குத் தெரியும். கோட்டை பார்க்க வந்து மாலை பஸ்ஸில் திரும்பும் வெளியூர்ப் பெண்ணுக்கு அது தெரியாது. வாங்குவோர்க்கும் செய்வோர்க்கும் இடையே அறிமுகம் அற்றுப்போன இடத்தில் அதன் இடத்தை நிரப்புவதற்கே முத்திரைகள் ஏற்பட்டன. நெய்க்கும் எண்ணெய்க்கும் அக்மார்க் முத்திரை தரும் சட்டம் 1937-இல் வந்தது. கைத்தறித் துணிக்கான ‘ஹேண்ட்லூம் மார்க்’ 2006-இல் வந்தது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று கூறி ஒருவன் விற்கும்போது நாம் எவ்வளவு கொதிக்கிறோம்! நம் முத்திரையைப் பிறர் மதிக்க வேண்டும் என்போர், பிறர் நலத்துக்காக ஏற்பட்ட உரிமத்தைப் பாட்டியின் பெயரால் தாண்டுவது பொருந்தாது.

1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டமும், அதன்கீழ் 2020-இல் வந்த அழகுப் பொருட்கள் விதிகளும் விற்பனைக்குச் செய்யும் கண்மைக்குப் பொருந்தும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம், தகுதிபெற்ற ஒருவரின் மேற்பார்வை, தூய்மையான தனி இடம், சோதனை ஆகியவை வேண்டும்; செய்தவர் முகவரி, சேர்ந்த பொருள்கள், தொகுதி எண், பயன்படுத்தக் கடைநாள் ஆகியவை சிமிழில் இருத்தல் வேண்டும். ‘கண்புரை தீரும், பார்வை திரும்பும்’ என்று எழுதிவிட்டால் அது அழகுப் பொருளே அன்று, மருந்தாகிவிடும். அவ்வகை விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் கண்புரையும் குருடும் இடம்பெற்றுள்ளன.

இவற்றைக் கேட்டதும் பெண்கள் முகம் வாடியது. ஒரு குடும்பத்தால் இவற்றைச் சுமக்க முடியாது என்பது மெய்யே. தனியொருவரால் ஆகாததற்குத்தானே சங்கம்! தறியும் நூலும் தனியாளுக்கு எட்டாதபோது ஒன்றுசேர்ந்தோம். இதிலும் அவ்வழி அடைபட்டதன்று. ஆனால் பத்து வீட்டில் பத்து விதமாகக் கூட்டிய மையைத் திரட்டி ஒரே பெயரில் அடைக்கும் திட்டத்தை நாம் வன்மையாக மறுக்கிறோம். ஒரு வீட்டின் கஞ்சித் துணியும் மற்றொரு வீட்டின் பழந்தட்டும் அச்சிமிழில் மறைந்துவிடும். இடம் ஒன்று, செய்முறை ஒன்று, பதிவேடு ஒன்று என்றிருத்தல் வேண்டும். கணக்கும் முன்கூட்டியே போடப்பட வேண்டும். எண்ணெய் விலையையும் சிமிழ் விலையையும் எழுதுவோர் பெண்களின் உழைப்பு நேரத்தை எழுத மறந்துவிடுகின்றனர். இயந்திரத்தில் செய்த மை சில ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும்போது, மாலைதோறும் விளக்கைக் காத்திருந்தவளுக்குக் கூலி கிட்டுமா என்பதைப் பார்த்த பின்னரே முதலீடு. கூலி கொடாமல் ஈட்டும் இலாபத்தை இலாபம் என்று எந்தத் தணிக்கையிலும் நாம் ஒப்புவதில்லை.

எங்கள் எண்ணத்தில், உரிமம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. மையை விற்காமல் திரியை விற்கலாம். கஞ்சி நீக்கிய கைத்தறிப் பருத்தித் துணியைக் கரிசலைச் சாற்றில் தோய்த்து உலர்த்தி, விளக்குத் திரி என்ற பெயரிலேயே கட்டலாம். உடன் ஒரு சிறு புட்டி விளக்கெண்ணெயும் வைக்கலாம். மை கூட்டும் முறையை வருவோர் கண்முன்னே ஓர் அகலும் தட்டும் வைத்துக் காட்டலாம். விரும்புவோர் தம் வீட்டில், தம் தட்டில், தாமே கூட்டிக்கொள்வர். சேர்ந்தது இன்னதென்று அவர்களும் அறிவர். நெசவாளர் துணிக்கும் பயிரிடுவோர் எண்ணெய்க்கும் ஒருங்கே விலை கிடைக்கும் வழி இது. மை விற்பனையைவிட வருவாய் குறையும் என்பர் சிலர். திரி தேங்கினாலும் கெடுவதில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இதற்கும் முறை உண்டு. நெசவுச் சங்கம் ஒன்று எண்ணெய் விற்க வேண்டுமாயின் அதன் துணைவிதிகளில் அதற்கு இடமிருத்தல் வேண்டும். இல்லையேல் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி பேரவையில் திருத்தம் நிறைவேற்றிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நிர்வாகக் குழுவின் தீர்மானம் மட்டும் போதாது. மை கூட்டத் தெரிந்த மகளிர் அங்கத்தினர் இருவரையேனும் அழைத்து வைத்துக்கொண்டு அத்திருத்தத்தை எழுதுவது நலம். துணி எத்தனை முறை அலசப்பட வேண்டும் என்பது செயலாளர்க்குத் தெரியாது. கார்த்திகை மாதத்தில் திரிக்குக் கேட்பு மிகும். கரிசலை தழைப்பதும் ஏறத்தாழ அப்பருவமே. ஆதலின் திருத்தத்தைப் பேரவையில் வைப்போர் ஆடி மாதத்துக்குள் வைத்துவிடுதல் நலம்.